வாசலில் தொங்கும் விளக்கு யாருக்காக?

(ஓய்வுபெற்ற அரசாங்க லிகிதர், ஆலய பரிபாலன சபை உறுப்பினர்)

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது ஆலய வரலாறு பற்றிய கட்டுரை. அதனை என்னிலும் மூத்தவர்கள் சென்ற மலர்களில் நன்றாகவே எழுதிவிட்டார்கள். ஆகவே, கடந்த திருக்கார்த்திகைக்கு முன்னர் நமது பரிபாலன சபைக் கூட்டத்தில் எழுந்த ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்கின்றேன். பார்ப்பதற்குச் சிறிய பிரச்சினைதான். ஆனால் அது என்னைப் பல இரவுகள் சிந்திக்க வைத்தது.

நமது இளைஞர்கள் சிலர் அன்று கூட்டத்திற்கு வந்து ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள். "விளக்கீட்டன்னைக்கு ஒவ்வொரு லயத்திலயும் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கையால செஞ்ச கூடு ஒண்ணு தொங்கவிடுவோம் ஐயா. உள்ள மெழுகுதிரி ஏத்துவோம். கோயில்ல இருந்து மூங்கிலும் கலர் தாளும் மட்டும் வாங்கித் தந்தாப் போதும்" என்றார்கள்.

உடனே மூன்று ஆட்சேபனைகள் எழுந்தன. விளக்கு என்றால் எண்ணெயும் திரியும்தான், மெழுகுதிரி நம்முடைய முறையல்ல என்றார் ஒருவர். அது வெசாக் கூடு, நமது கார்த்திகைக்கு எதற்கு என்றார் மற்றொருவர். இந்த வேலைக்கெல்லாம் யாருக்கு நேரம், அட்டன் டவுனில் சீரியல் பல்ப் வாங்கிக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார் இன்னொருவர். இம்மூன்று ஆட்சேபனைகளுக்கும் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன். விடயம் ஒரு வாரத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பது எப்படி என்பது முப்பது வருடத்திற்கு மேல் அரசாங்கக் காரியாலயத்தில் இருந்த எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த ஒரு வாரத்தில் நான் எண்ணிப் பார்த்தவற்றையே அடியார்கள் முன் வைக்கின்றேன்.

மெழுகுதிரி ஏற்றலாமா?

மூலஸ்தானத்திலே நெய்விளக்கும் எண்ணெய் விளக்குமே ஏற்றப்பட வேண்டும். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. குருக்கள் ஐயாவும் அதையே சொன்னார். இளைஞர்கள் கேட்டதும் மூலஸ்தானத்தைப் பற்றி அல்ல, வீட்டு வாசலைப் பற்றி.

மெழுகுதிரி மீது நமது பெரியவர்களுக்கு இருந்த தயக்கத்திற்கு நியாயமான காரணம் உண்டு. முற்காலத்தில் மிருகக் கொழுப்பிலும் மெழுகுதிரி செய்தார்கள். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் நிலத்தடி எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் மெழுகு. மண்ணெண்ணெயும் அதே எண்ணெயிலிருந்தே பிரித்தெடுக்கப்படுகின்றது. நமது லயங்களில் மின்சாரம் வருவதற்கு முன்னர் நாம் எதை வைத்துப் பண்டிகை கொண்டாடினோம்? போத்தலில் திரி போட்ட மண்ணெண்ணெய் விளக்கை வைத்துத்தானே! அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு சிறு அகல், வீடு முழுவதற்கும் ஒரு போத்தல் விளக்கு. அந்த வெளிச்சத்தில்தான் நம் தாய்மார் மாவிளக்குப் பிடித்தார்கள். அந்த விளக்கை அன்னை வேண்டாம் என்று சொன்னதாக நான் அறியேன்.

பெரிய புராணத்திலே கணம்புல்ல நாயனாரின் வரலாறு வருகின்றது. செல்வந்தராயிருந்து வறியவரானவர் அவர். தில்லைக்கு வந்து கணம்புல்லை அரிந்து விற்று, அந்தப் பணத்தில் நெய் வாங்கித் திருப்புலீச்சரத்தில் விளக்கேற்றினார். ஒருநாள் புல் விலை போகவில்லை. அவர் வெறுங்கையுடன் திரும்பவில்லை. அந்தப் புல்லையே விளக்காக எரித்தார். அதுவும் போதாமற் போகவே தமது தலைமுடியையே தீயில் மூட்டினார். புல்லும் முடியும் ஆகமத்தில் சொன்ன திரவியங்கள் அல்ல. ஆனாலும் அவரை நாம் அறுபத்துமூவரில் ஒருவராக வைத்து வணங்குகின்றோம். கையில் இருப்பதைக் கொண்டு விளக்கேற்றியதே அவருடைய தொண்டு.

நமது மலையில் இன்னொரு காரணமும் உண்டு. கார்த்திகை மாதம் இங்கே மழையும் பனிமூட்டமும் உள்ள காலம். நாலாயிரம் அடிக்கு மேலே, மரமில்லாத தேயிலை மலையின் சரிவிலே, இஸ்தோப்பில் வரிசையாக அகல் விளக்கு வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசி விளக்கை ஏற்றி நிமிர்வதற்குள் முதல் விளக்கு அணைந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் வாசலில் வாழைக்குற்றி நாட்டி விளக்கு வைக்கும் வழக்கம் அந்த ஊருக்குப் பொருந்தும். நமது காற்றுக்கு விளக்கைச் சுற்றி ஒரு மறைப்பு வேண்டும். அந்த மறைப்பின் பெயர்தான் கூடு.

கூடு யாருடையது?

இரண்டாவது ஆட்சேபனைதான் என் மனதில் ஆழமாக இருந்தது. மூங்கில் ஈர்க்கில் தாள் ஒட்டிய கூட்டைப் பார்த்தவுடனே இலங்கையில் எல்லோருக்கும் வெசாக்தான் நினைவுக்கு வரும். புத்த பெருமானின் பிறப்பு, ஞானம் பெற்றமை, பரிநிர்வாணம் ஆகிய மூன்றையும் நினைவுகூரும் அந்தப் பௌர்ணமி, வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் 1885 ஆம் ஆண்டிலே அரசாங்க விடுமுறை தினமாக்கப்பட்டது. 1999 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையும் அந்நாளின் சிறப்பை ஏற்றுக்கொண்டது. நமது சிங்கள அயலவர்கள் அந்தக் கூட்டை எவ்வளவு அழகாகச் செய்கின்றார்கள் என்பதை நாம் வருடந்தோறும் காண்கின்றோம்.

ஆனால் விளக்கைக் கூட்டுக்குள் வைத்து உயரத் தூக்குவது நமக்கும் புதிதல்ல. காசியிலே கங்கைக் கரையில் கார்த்திகை மாதம் முழுவதும் உயர்ந்த மூங்கில் கம்பங்களின் உச்சியில், மூங்கிற் கூடைக்குள் விளக்கேற்றித் தொங்கவிடுவார்கள். ஆகாச தீபம் என்று அதற்குப் பெயர். மறைந்துபோன முன்னோருக்கு வழி காட்டுவதற்காக ஏற்றப்படும் விளக்கு அது. மராட்டிய நாட்டில் தீபாவளிக்கு வீடுதோறும் வண்ணத்தாள் ஒட்டிய ஆகாச கண்டீல் தொங்குகின்றது. சீன தேசத்தில் காகிதக் கூட்டின் வரலாறு மிகப் பழமையானது. ஆகவே மூங்கிலுக்கும் தாளுக்கும் மதம் கிடையாது. காற்றுள்ள இடத்தில் விளக்கு அணையாமல் இருக்க மனிதன் கண்டுபிடித்த உபாயம் அது. எந்தக் கடவுளை நினைத்து ஏற்றுகின்றோமோ அந்த நினைவுதான் அதற்குச் சமயம்.

இவ்வாறு நியாயம் கண்டுபிடித்த பின்னரும் என் மனம் சமாதானமடையவில்லை. அதற்குக் காரணம் சாஸ்திரத்தில் இல்லை, என் வீட்டில் இருந்தது.

1984 ஆம் ஆண்டு வெசாக்

1977 இலும் 1983 இலும் மலையக மக்கள் பட்ட துன்பத்தை இங்கே விரிக்கத் தேவையில்லை. மூத்தவர்கள் மறக்கவில்லை. இளையவர்கள் கேட்டிருப்பார்கள். 1983 ஆடி மாதத்திலே எங்கள் லயத்திற்குத் தீ வரவில்லை. ஆனால் அடுத்த மலையில் புகை எழுந்ததை நாங்கள் கண்டோம். பக்கத்துக் கிராமத்தில் தச்சு வேலை செய்யும் சிங்களவர் ஒருவர் இருந்தார். பாஸ் என்றே எல்லோரும் அவரை அழைப்போம். அம்மாவையும் என் தங்கைமாரையும் மூன்று இரவு தம் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர் அவர்தான்.

அடுத்த வருடம் வெசாக் வந்தது. அப்பா அந்த பாஸ் வீட்டுக்குப் போய் மூங்கில் பிளக்கவும் கூடு கட்டவும் கற்றுக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் ஒரு கூடு தொங்கியது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "என்னப்பா, பயந்துகிட்டு வெளக்கு ஏத்துறோமா?" என்று கேட்டேன்.

அப்பா 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்து, பல வருடங்கள் அலைந்து, பதிவுப் பிரஜையானவர். அதனால்தான் எனக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. அதிகம் பேசமாட்டார். அன்று இவ்வளவுதான் சொன்னார்: "பயந்தவன் கதவைச் சாத்திக்குவான்டா. நான் கதவத் தொறந்து வெளிச்சத்த வெளிய தொங்க விடுறேன்." பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பயமும் இருக்குதான். இருந்துட்டுப் போவுது. வருசா வருசம் ஏத்துவோம். பயம் போயிரும், வெளக்கு நிக்கும்" என்றார்.

அது எனக்கு அன்று சமாதானமாக இருக்கவில்லை. பயத்தினால் பாதி, நன்றியினால் பாதி என்று கலந்த மனதோடு ஏற்றும் விளக்கு விளக்காகுமா? தூய எண்ணம் இல்லாத தர்மம் தர்மமா? நாற்பது வருடத்திற்குப் பிறகு, சபைக் கூட்டத்தில் "அது வெசாக் கூடு" என்று ஒருவர் சொன்னபோது நான் தலையாட்டியதற்குக் காரணம் அந்தப் பழைய கேள்விதான்.

எலிக்குக் கிடைத்த பேறு

இதற்குப் பதிலைத் திருமறைக்காட்டிலே கண்டேன். வேதாரணியம் என்று இன்று அழைக்கப்படும் அத்தலத்தில் நடந்ததாக ஒரு வரலாறு உண்டு. அப்பர் சுவாமிகள் தமது தேவாரத்தில் அதனைப் பாடியிருக்கின்றார். கோயில் விளக்கில் இருந்த நெய்யை உண்ண ஓர் எலி வந்தது. சுடர் மூக்கைச் சுட்டது. எலி துள்ளியது. துள்ளியதில் திரி தூண்டப்பட்டு, மங்கியிருந்த விளக்கு நன்றாக எரிந்தது. அந்த எலி மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தியானது என்பர்.

எலியிடம் பக்தி இருக்கவில்லை. நெய் திருடுவதுதான் அதன் எண்ணம். ஆயினும் விளைந்தது வெளிச்சம். இறைவன் அதனை ஏற்றுக்கொண்டார். இதைக் கேட்டு ஒருவர், அப்படியானால் எண்ணம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லையா என்று கேட்கலாம். அது சரியல்ல. எலிக்கு அறியும் அறிவு இல்லை. நமக்கு இருக்கின்றது. அறிந்துகொண்டே ஊருக்குக் காட்டுவதற்காக விளக்கேற்றுபவன் எலியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

எனக்கு விளங்கியது வேறொன்று. எண்ணம் முற்றிலும் தூய்மையான பிறகுதான் நல்ல காரியத்தைத் தொடங்குவேன் என்று காத்திருந்தால், நம்மில் எவரும் ஆயுள் முழுவதும் ஒரு விளக்கும் ஏற்றமாட்டோம். கலந்த மனதோடு தொடங்கலாம். தொடர்ந்து செய்யும்போது அந்தச் செயலே மனதைக் கழுவிவிடுகின்றது. அப்பா சொன்னதும் அதுதான். அவர் இறக்கும்வரை வருடந்தோறும் அந்தக் கூட்டைக் கட்டினார். கடைசி வருடங்களில் பாஸின் பேரப்பிள்ளைகளுக்கும் அவரே கட்டிக் கொடுத்தார். அப்போது அவர் முகத்தில் பயம் இருக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி.

யாருக்காக?

இனி, தலைப்பிலுள்ள கேள்விக்கு வருகின்றேன். சாமி அறையில் ஏற்றும் விளக்கு நமக்கும் கடவுளுக்கும் இடையிலானது. அதை ஒருவரும் பார்க்காவிட்டாலும் நட்டமில்லை. வாசலில் தொங்கும் விளக்கு அப்படியல்ல. வீட்டுக்குள் இருப்பவனுக்கு அதனால் பயனில்லை. அதன் வெளிச்சம் பாதையில் விழுகின்றது. ஆகவே, "யாரும் பார்க்காவிட்டாலும் ஏற்றுவாயா?" என்று அதனைச் சோதிக்கக் கூடாது. "வழியில் நடப்பவனுக்கு உதவும் இடத்திலா தொங்கவிட்டிருக்கின்றாய்?" என்றுதான் கேட்க வேண்டும். அழகான கூட்டைப் பக்கத்து வீட்டாருக்குத் தெரியும்படி கட்டுவது ஒரு வகை. இரவு வேலை முடிந்து பெக்டரியிலிருந்து வருபவர் கால் வழுக்கும் படிக்கட்டின் மேலே கட்டுவது இன்னொரு வகை. கூடு ஒன்றுதான். செலவும் ஒன்றுதான். தர்மம் இரண்டாவதில் இருக்கின்றது.

இதனை எழுதும்போது என்னுடைய குற்றம் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். நான் வேலை செய்த காரியாலயம் ஒன்றிற்கு ஒரு தோட்டத்து அம்மா வந்தார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், மகனின் பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர். அடையாள அட்டைக்காக அலைந்துகொண்டிருந்தார். அது என் மேசை வேலையல்ல. "நாளைக்கு வாங்க" என்றேன். வந்தார். மீண்டும் அதையே சொன்னேன். மூன்றாம் தடவை மழையில் நனைந்து வந்து, "சாமி, நீங்க செஞ்சி தர வேணாம். எங்க போகணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எங்கே போக வேண்டும் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். சொல்வதற்கு அரை நிமிடம் போதும். மாடியில் இரண்டாவது அறை. நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வருடமும் என் வீட்டில் கார்த்திகைக்கு இருபத்தொரு விளக்கு எரிந்தது. அந்த அம்மாவுக்கு என்னிடமிருந்து ஒரு விளக்கும் கிடைக்கவில்லை.

உள்ளே விளக்கு இருந்தும் பாதை இருட்டாக இருக்கலாம் என்பதை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

வாங்கலாமா, செய்யலாமா?

மின்குமிழ்களை நான் குறை கூறவில்லை. கோபுரத்திற்கு அவைதான் பாதுகாப்பு. ஆனால் 2022 ஆம் ஆண்டு பங்குனி மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறக்க வேண்டாம். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதையும் மறக்க வேண்டாம். கையால் ஒரு விளக்கு செய்யத் தெரிந்தவன் முழு இருட்டில் இருக்கமாட்டான்.

கூடு கட்டும் முறையை அறியாதவர்களுக்காகச் சொல்கின்றேன். ஓரடி நீளத்தில் 24 மூங்கில் ஈர்க்குகளைச் சீவிக்கொள்ள வேண்டும். நான்கு நான்காக எடுத்து 6 சதுரம் கட்ட வேண்டும். நான்கு சதுரங்களை மூலைக்கு மூலை சேர்த்து வளையமாக முடிந்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் கட்டினால் கூடு உருவாகிவிடும். சதுரங்களை நாம் கட்டுகின்றோம். அவற்றுக்கிடையில் 8 முக்கோணங்கள் நாம் கட்டாமலே தோன்றும். சிங்களத்தில் இதனை அட்டபட்டம என்பார்கள். தாள் ஒட்டும்வரை அது ஆடிக்கொண்டேயிருக்கும். கோதுமை மாவில் காய்ச்சிய பசையால் மெல்லிய கலர் தாளை இழுத்து ஒட்டிக் காயவிட்டால் விறைத்து நிற்கும்.

இரண்டு காரியங்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மேற்சதுரத்தை ஒருபோதும் மூடக்கூடாது. சூடு மேலே போக வழி வேண்டும். கீழே காற்று வர வழி வேண்டும். காற்று இல்லாவிட்டால் சுடர் அணையும், சூடு வெளியேறாவிட்டால் தாள் பற்றும். அடுத்தது, அடியில் குறுக்காக ஒரு பலகைத் துண்டைக் கட்டி, அதன்மேல் மீன் டின்னின் மூடியை ஆணியால் அடித்து, அதிலே கட்டை மெழுகுதிரியை நட்டநடுவில் நிறுத்த வேண்டும். நீளமான மெழுகுதிரி வேண்டாம். சாய்ந்தால் ஆபத்து. லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் ஒரே கூரையின் கீழுள்ள அத்தனை வீடும் போய்விடும். எத்தனை தோட்டங்களில் எத்தனை குடும்பங்கள் அப்படித் தெருவுக்கு வந்தன என்பதைப் பத்திரிகைகளில் படித்திருக்கின்றோம். ஆகவே கூட்டைக் கூரையில் கட்டக்கூடாது. முற்றத்தில் கம்பம் நாட்டி அதில் தொங்கவிட வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் மெழுகுதிரி எரியக்கூடாது. காற்று பலமாக அடித்தால் அணைத்துவிடுவதே பக்தி.

நடந்தது

அடுத்த கூட்டத்தில் நானே பிரேரணையை முன்மொழிந்தேன். மூலஸ்தானத்திற்கு நெய்விளக்கு, கோபுரத்திற்கு மின்குமிழ், லயங்களுக்குக் கூடு என்று முடிவாயிற்று. ஆட்சேபித்தவர்களில் ஒருவர் இன்றும் முழு மனதோடு உடன்படவில்லை. அவருடைய கருத்துக்கும் நான் மதிப்பளிக்கின்றேன். ஆனால் மூங்கில் தந்தவர் அவர்தான்.

ஒரு வாரம் மாலை நேரங்களில் ஆலய மண்டபத்தில் பிள்ளைகளும் தாத்தாமாரும் பாட்டிமாரும் ஒன்றாக இருந்து கூடு கட்டினார்கள். தொலைபேசியை விட்டு நிமிராத பிள்ளைகள் ஈர்க்குச் சீவக் கற்றுக்கொண்டார்கள். பாஸின் பேரன் ஒருவன் வந்து, நாங்கள் முடிச்சுப் போடும் முறை பிழை என்று சிரித்துக்கொண்டே திருத்தினான். விளக்கீட்டன்று வழமைபோலப் பனிமூட்டம் இறங்கியது. ஒரு கூடு காற்றில் சாய்ந்து எரிந்துவிட்டது. பக்கத்தில் மணல் வாளி இருந்தபடியால் வேறு சேதமில்லை. அந்தக் கூட்டைக் கட்டிய சிறுமி அழுதாள். அடுத்த வருடம் இன்னும் உறுதியாகக் கட்டுவோம் என்று அவளுடைய பாட்டி தேற்றினார்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் கோயிலிலிருந்து வீட்டுக்குத் திரும்பினேன். வழமையாக டோர்ச் இல்லாமல் அந்தப் படிகளில் இறங்கமாட்டேன். அன்று டோர்ச்சைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே இறங்கினேன். படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு சிவப்புக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது. அதை யார் வீட்டார் கட்டியது என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் நான் அந்த வழியால் வருவேன் என்று தெரிந்திருக்காது.

இவ்வருடமும் திருக்கார்த்திகை வருகின்றது. அடியார்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சாமி அறையில் ஒரு விளக்கும், வழியில் வருபவருக்காக ஒரு விளக்கும் ஏற்ற வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கின்றேன். கூடு கட்ட முடியாதவர்கள் வழி கேட்டு வருபவருக்கு வழி சொல்லட்டும். அதுவும் விளக்கீடுதான்.